யாரும் குழாயைத் திறக்காமல் பம்ப் ஓடினால்

ராத்திரி இரண்டு மணி. எங்கள் டிரெய்லரில், அதாவது வண்டியில் இழுத்துப் போகும் நடமாடும் வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பம்ப் 'டர்ர்ர்' என்று இரண்டு வினாடி ஓடி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் படுத்திருந்தோம். குழாயை யாரும் திறக்கவில்லை. "பம்ப்னா சத்தம் வரத்தான் செய்யும், தூங்கு" என்று என் வீட்டுக்காரர் புரண்டு படுத்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. செல்போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு இருபதுக்கு மறுபடி ஓடியது. இரண்டு நாற்பதுக்கு இன்னொரு தடவை.

காலையில் சிங்க் அடியில் கையை விட்டுத் தடவினேன், காய்ந்துதான் கிடந்தது. டாய்லெட் பக்கமும் ஈரம் இல்லை. பம்ப் பழசாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினெட்டு நாள் கழித்து, கட்டிலோரம் கால் வைத்த இடத்தில் தரை அமுங்கியது. ஒழுகியது டாய்லெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு எல்போ, பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைவுத் துண்டு. அங்கிருந்து தண்ணீர் வினைல் விரிப்புக்கு அடியிலேயே இரண்டு மீட்டர் ஊர்ந்து கட்டிலடிக்கு வந்திருந்தது.

நான் இருபத்தாறு வருடம் கணக்கு சரிபார்த்தவள். பேரேட்டில் கூட்டல் இடித்தால் எடுத்த எடுப்பில் ஒவ்வொரு ரசீதாகப் புரட்ட மாட்டோம். எந்தப் பகுதியில் இடிக்கிறது என்று முதலில் ஒதுக்கிக்கொள்வோம். வண்டியில் ஒழுகலைப் பிடிப்பதும் அதே வேலைதான். ஈரத்தைப் பார்த்த உடனே ஸ்பேனரோடு பாய்ந்தால், நன்றாக இருந்த ஃபிட்டிங்கையும் (இணைப்புத் துண்டு) உடைத்து வைப்போம். நான் உடைத்திருக்கிறேன்.

எங்களுடையது 24 அடி டிரெய்லர். மோட்டார் ஹோம், கேம்பர் வேன் எதுவானாலும் தண்ணீர் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இழுக்கும் 12 வோல்ட் பம்ப், பம்புக்கு முன்னால் ஒரு சிறு வடிகட்டி. வெளியிலிருந்து ஹோஸ் மாட்ட ஓர் இணைப்பு. இரண்டும் சேர்ந்து ஒரே பைப்பாகி, ஒரு கிளை ஹீட்டருக்கும் மற்றவை சிங்க், ஷவர், டாய்லெட்டுக்கும் போகும். (கீழே 'பைப்' என்று நான் எழுதுவது உள்ளே ஓடும் லைனை, 'குழாய்' என்பது திறந்து மூடுவதை. வீட்டில் இரண்டையும் குழாய் என்றே சொல்லிப் பல சண்டை வந்திருக்கிறது.)

பம்ப் என்ன சொல்கிறது

இந்த பம்ப்களில் அழுத்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் உண்டு. பெரும்பாலானவை 45 முதல் 55 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏற்றிவிட்டு நின்றுவிடும். அழுத்தம் இறங்கினால்தான் மறுபடி ஓடும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது ஓடினால், தண்ணீர் எங்கோ போகிறது என்று அர்த்தம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் சொட்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் இந்நேரம் எங்காவது குட்டை கட்டியிருக்கும்.

ஆனால் போகும் தண்ணீர் வெளியேதான் போகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பம்புக்குள் ஒரு செக் வால்வு இருக்கிறது, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது. அதில் ஒரு மணல் துணுக்கு மாட்டினால், ஏற்றிய தண்ணீர் பின்பக்கமாகத் தொட்டிக்கே திரும்பும். ஒரு சொட்டு ஈரம் இருக்காது, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: தொட்டியைப் பாதி காலி செய்துவிட்டு, பம்பை நிறுத்தி, வெளி ஹோஸை மாட்டுங்கள். சில மணி நேரத்தில் தொட்டியில் மட்டம் தானாக ஏறியிருந்தால் குற்றவாளி அந்த வால்வுதான். இதற்கு நேர்மாறும் உண்டு. ஹோஸைக் கழற்றிவிட்டு பம்பை ஓட்டும்போது வெளி இணைப்பின் வாயில் சொட்டினால், அங்கே இருக்கும் செக் வால்வு பழுது. இந்த இரண்டையும் ஒதுக்கிய பிறகுதான் பைப் பக்கம் போக வேண்டும்.

அதற்கு ஒரு பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் முள் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் உள்ள சாமான்களிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். வண்டியின் வெளிப்பக்கம் உள்ள ஷவரின் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தகுந்த அடாப்டரோடு கேஜை மாட்டி, அந்தக் குழாயைத் திறந்து வைப்பேன். பம்பை ஓடவிட்டு, அது தானாக நின்றதும் சுவிட்சையும் அணைத்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் அது நின்ற இடத்திலேயே நின்றால் பைப்பில் குறை இல்லை.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. சோதனைக்கு முன்பே ஹீட்டரை, கரண்ட், கேஸ் இரண்டையும், அணைத்து ஆறவிடுங்கள். சுடுதண்ணீர் ஆறும்போது சுருங்கும், முள் இறங்கும், இல்லாத ஒழுகலைத் தேடி அலைவீர்கள். ஆறிய பிறகும் முள் இறங்கினால், பைபாஸ் வால்வுகளை (தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் சுற்றி அனுப்புபவை) திருப்பி ஹீட்டரை லைனிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது முள் அசையவில்லை என்றால் ஒழுகல் ஹீட்டர் பக்கம். முன்னைவிட வேகமாக விழுந்தால் பதற வேண்டாம், ஒழுகல் பெரிதாகிவிடவில்லை. ஹீட்டருக்குள் மேலே தங்கியிருக்கும் காற்று மெத்தை மாதிரி அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது இப்போது இல்லை, அவ்வளவுதான்.

முள் அசையவே இல்லை, ஆனால் தரை ஈரம் என்றால்? அது அழுத்தம் ஏறும் பைப்பின் தண்ணீர் அல்ல. மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் கூரை அல்லது ஜன்னல் ஓரம். பாத்திரம் கழுவியபின் வந்தால் கழிவுநீர்ப் பைப். சிங்கில் தண்ணீரை நிறைத்து, கொஞ்சம் சாயப்பொடி கலந்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் கீழே பாருங்கள். நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

டிஷ்யூ காகிதமும் டார்ச்சும்

சரி, முள் விழுகிறது. இனிமேல்தான் தேடல். இழுப்பறைகளை வெளியே எடுத்துவிடுங்கள். அவற்றுக்குப் பின்னால்தான் பாதி பைப் ஓடுகிறது. ஒவ்வோர் இணைப்பையும் துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு டிஷ்யூ காகிதத்தை விரித்து வையுங்கள். பம்பைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் வட்டமாகத் தெரியும். விரலை நம்ப வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், குளிர்ந்த பைப் எப்போதுமே ஈரம் மாதிரித்தான் உணர்த்தும்.

பைப் நடுவில் ஒழுகுவது அபூர்வம். நான் இதுவரை பார்த்த பதினோரு ஒழுகல்களில் ஒன்றே ஒன்றுதான் அப்படி. சுவரைத் தாண்டி வந்த ஒரு ஸ்க்ரூ முனை, வண்டி ஓட ஓடப் பைப்பைத் தேய்த்து ஊசித்துளை போட்டிருந்தது. மற்றதெல்லாம் இணைப்புகளில்தான். வண்டி ஓடும்போது வீடே குலுங்குகிறது. அதில் தளர்வது நட்டுகள்தான்.

அதனால் எங்கே முதலில் பார்ப்பது என்றால், சிங்க் அடியில் குழாயோடு சேரும் பிளாஸ்டிக் நட்டுகள். அப்புறம் டாய்லெட்டின் பின்பக்க வால்வு. குளிரில் உறைந்து விரிசல் விடும் இடம் அது. அப்புறம் பம்பின் இரண்டு பக்க ஃபிட்டிங். வெளி ஷவர் பெட்டி. இதை யாரும் நினைப்பதே இல்லை, மூடி பூட்டியே இருப்பதால். ஷவர் கைப்பிடியில் உள்ள அடைப்பானை மட்டும் மூடிவிட்டு, இரண்டு குழாயையும் திறந்தபடி விட்டால், சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் அங்கேயே கலந்து ஷவர் வெதுவெதுப்பாகவே வரும். அதுவும் ஒரு பிரச்சினை என்று ஹீட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பம்ப் இருமுகிற மாதிரி விட்டு விட்டு ஓடினால், வடிகட்டியைப் பாருங்கள். அது இழுக்கும் பக்கம் இருப்பதால் விரிசல் விட்டால் தண்ணீர் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். கிண்ணத்தைக் கழற்றி, ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) துடைத்து, கையால் மட்டும் திருகி மூடினாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

எங்குமே ஈரம் தெரியவில்லை என்றால் வண்டிக்கு அடியில் போக வேண்டும். பல டிரெய்லர்களின் அடிவயிற்றைக் கறுப்பு நெளி பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கும். தண்ணீர் அதற்குள் சேர்ந்தால் தொப்பை மாதிரித் தொங்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தொப்பைக்கு நேர் கீழே தலையை வைக்காதீர்கள்; ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து சின்னத் துளை போட்டு வடியவிட்டு, பிறகு மூன்று பக்கம் கதவு மாதிரி வெட்டித் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அதற்கென்றே உள்ள ஒட்டு டேப்பால் மூடிவிடலாம்.

தரை ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால், தண்ணீர் விட்டுத் தேடுவது புண்ணில் குத்துவதுதான். அப்போது லைனைக் காலி செய்துவிட்டு, ஹீட்டரைப் பிரித்துவிட்டு, கம்ப்ரசரில் 30 பி.எஸ்.ஐ. மட்டும் வைத்துக் காற்றை ஏற்றுவேன். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஒழுகும் இடம் நுரைத்துவிடும். அமைதியான நேரத்தில் 'உஸ்' என்ற சத்தமே போதும்.

இறுக்குவதற்கு முன்

பம்ப் சுவிட்சை அணையுங்கள், வெளி ஹோஸை மூடுங்கள், ஹீட்டரை அணையுங்கள். ஹீட்டரில் தண்ணீர் இல்லாதபோது அதன் மின்சாரச் சுவிட்ச் போட்டிருந்தால் எலிமென்ட் நிமிடங்களில் கருகிவிடும். கீழ்மட்ட வடிகால்களைத் திறந்து, ஒரு குழாயையும் திறந்துவிட்டால் லைன் காலியாகும்.

சிங்க் அடியில் உள்ள பிளாஸ்டிக் நட்டுக்குள் கூம்பு வடிவ ரப்பர் வாஷர் ஒன்று இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர்தான், மரை அல்ல. அதனால் அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனே இல்லை. சில சமயம் வாஷர் சரியாக உட்காராமல் கெடுத்தும் விடும். கையால் இறுகும் வரை திருகி, அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்குமேல் போனால் நட்டு பிளந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொட்டு நின்று பீச்சு தொடங்கியது. கால் சுற்றுக்கு அப்புறமும் சொட்டினால் வாஷரை மாற்றுங்கள், வேறு வழியில்லை. டெஃப்லான் டேப்புக்கு உரிய இடம் கூம்பாகப் போகும் மரைகள் மட்டும்; நாலைந்து சுற்று, திருகும் திசையிலேயே.

பைப்பையே வெட்டி ஒட்ட வேண்டி வந்தால், முதலில் அது என்ன பைப் என்று பாருங்கள். இன்றைய வண்டிகளில் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் பைப், பெரும்பாலும் அரை அங்குலம். வெள்ளை, சிவப்பு, நீலம் எதுவாகவும் இருக்கலாம். பைப்பின் மேலேயே பெயர் எழுதியிருக்கும். வட அமெரிக்காவில் 1970களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை செய்த வண்டி என்றால் சாம்பல் நிறத்தில் பாலிபியூட்டிலின் பைப் இருக்கக்கூடும். 'PB' என்று அச்சிட்டிருக்கும். குளோரின் கலந்த தண்ணீர் பட்டுப்பட்டு அந்தப் பைப்பும் அதன் ஃபிட்டிங்குகளும் உள்ளிருந்தே நொறுங்கும். வெளிவிட்டம் ஒன்றே மாதிரி இருந்தாலும் பெக்ஸ் ஃபிட்டிங்கை அதில் செருகக் கூடாது, இரண்டையும் சேர்க்கவென்றே விற்கும் இணைப்பு வேண்டும். ஓர் இடத்தில் நொறுங்கியிருந்தால் மற்ற இடமும் வரிசையில் நிற்கிறது. முழுதும் பெக்ஸுக்கு மாற்றுவதே மேல்.

பெக்ஸில் இணைக்கச் சில வழிகள் உண்டு. அவசரத்துக்கு, தள்ளினால் கடித்துக்கொள்ளும் ஃபிட்டிங். ஷார்க்பைட் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். இதற்குக் கருவியே வேண்டாம், நடுவழியில் உயிர் காப்பது இதுதான். பைப்பை நேராக வெட்ட வேண்டும். ரம்பம் வேண்டாம், பைப் கட்டர். முனையில் பிசிறோ நீளவாக்கில் கீறலோ இருந்தால் உள்ளே உள்ள ஓ-ரிங் அதன் வழியாக விட்டுவிடும். அரை அங்குலப் பைப் சுமார் ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும். பேனாவால் குறி போட்டுவிட்டுத் தள்ளுங்கள், குறி மறைந்ததா என்று பாருங்கள், அப்புறம் இழுத்துப் பாருங்கள். பாதி தூரம் போனதும் 'போய்விட்டது' என்று தோன்றும். போயிருக்காது.

நிலையான வேலைக்கு நான் வளையம்தான் போடுவேன். செம்பு வளையத்தைக் கிரிம்ப் செய்யும், அதாவது நெரித்து இறுக்கும், கருவிக்கு நீளமான கைப்பிடி. அலமாரிக்குள் அதைத் திருப்பவே இடம் கிடைக்காது. அதனால் என்னிடம் இருப்பது ஸ்டீல் கிளாம்புக்கான கருவி. கிளாம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதை மட்டும் பிடித்து நெரிப்பதால் எந்தக் கோணத்திலிருந்தும் எட்டும். எதுவானாலும், வளையத்தை முதலில் பைப்பில் போட்டுவிட்டு அப்புறம் ஃபிட்டிங்கைச் செருகுங்கள். சிரிக்காதீர்கள், மூன்று தடவை மறந்திருக்கிறேன். வளையம் பைப் முனையிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ஒரே தடவை, முழுசாக நெரியுங்கள். கோணலாகிவிட்டால் மேலேயே மறுபடி நெரிக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வெட்டிய இடத்தை ஒட்டவைக்க இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டாதீர்கள். கொஞ்சம் நீளம் கூட்டி, லேசான வளைவோடு விட்டு, சுவரில் கிளிப் அடித்துவிடுங்கள். பம்பின் இரண்டு பக்கமும் வளையும் ஹோஸ் இருந்தால் அதன் அதிர்வு பைப்புக்குப் போகாது. மரத்துளை வழியே பைப் போகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையமோ பழைய ஹோஸ் துண்டோ செருகுங்கள். ஒழுகும் பைப்பின் மேல் டேப் சுற்றி முடித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப் ஓர் இரவைக் கடத்தும். மறுநாள் காலையில் வேலை அப்படியேதான் இருக்கும்.

ஹீட்டரின் வெளிப்பக்க வால்வு சொட்டுவது தனிக்கதை. அது பாதுகாப்பு வால்வு, 150 பி.எஸ்.ஐ. அல்லது 99 டிகிரி செல்சியஸ் தாண்டினால் திறக்கும்படி செய்தது. சூடேறும்போது மட்டும் சொட்டுகிறது என்றால், நான் முன்பு சொன்ன காற்று மெத்தை கரைந்துபோயிருக்கலாம்; விரியும் தண்ணீருக்கு வேறு இடமில்லை. ஹீட்டரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, தண்ணீரை மூடி, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, அந்த வால்வின் நெம்பைத் தூக்கிப் பிடியுங்கள். வழிவது நின்றதும் விடுங்கள், அது படக்கென்று மூடிக்கொள்ளட்டும். காற்று மறுபடி சேர்ந்திருக்கும். அப்படியும், ஆறியிருக்கும்போதும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் அதன் வாயை அடைக்காதீர்கள், அந்த ஹீட்டர் வெடிகுண்டாகிவிடும்.

வெளி ஹோஸை மாட்டும்போது மட்டும்தான் ஒழுகுகிறது, பம்ப் ஓடும்போது இல்லை என்றால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். ஹோஸின் குழாய்ப் பக்க முனையில் அழுத்தத்தை 45 பி.எஸ்.ஐ. அளவில் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாட்டுங்கள். வண்டிப் பக்க முனையில் மாட்டினால் ஹோஸ் வெடிக்கக்கூடும்.

காயவைப்பதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஒழுகலை நான் அடைத்தது நாற்பது நிமிடத்தில். தரை காய ஒன்பது நாள் ஆனது. வினைல் ஓரத்தைத் தூக்கிவிட்டு, மின்விசிறியை இரவுபகலாக ஓட்டி, தினமும் ஒரு கூரான ஆணியால் பலகையைக் குத்திப் பார்ப்பேன். ஆணி மெத்தென்று இறங்கும் இடத்துப் பலகையை வெட்டியெடுத்தே ஆக வேண்டும். மேல்தோல் காய்ந்ததும் வினைலை மூடிவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்து வண்டியே நாறும்.

பைப்பைத் திறந்து வேலை பார்த்தபின் லைனைக் கிருமி நீக்கம் செய்வேன். 57 லிட்டர் தொட்டிக்கு வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் 60 மில்லி. தண்ணீரில் கலந்து ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் வாடை வரும்வரை திறந்து, ஓரிரவு விட்டு, வாடை போகும்வரை அலசிவிடுவது. குடிதண்ணீர் ஃபில்டர் இருந்தால் அதன் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.

கடைசிச் சோதனை நிறுத்திய வண்டியில் முடியாது. கேஜ் அரை மணி நேரம் நின்றுவிட்டதே என்று இழுப்பறைகளை மூடிவிடாதீர்கள். புதிதாகப் போட்ட இணைப்புக்கு அடியில் காய்ந்த டிஷ்யூவை வைத்து டேப்பால் ஒட்டிவிட்டு, பம்பில் அழுத்தம் ஏற்றி, சுவிட்சை அணைத்து, மேடுபள்ளமான சாலையில் ஒரு நூறு கிலோமீட்டர் போங்கள். நிறுத்தியதும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். அந்த எல்போவுக்கு அடியில் வைத்த காகிதத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. டாய்லெட்டைக் கழுவும்போதெல்லாம் குனிந்து ஒரு பார்வை.